பூட்டினோமா, பூட்டவில்லையா? மூளையின் குறுக்குவழிகள் பற்றி வாசகர்கள் கேட்டவை

வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனைக்குப் போனதும் ‘பூட்டினோமா?’ என்ற சந்தேகம் வந்துவிடுகிறது. திரும்பி வந்து இழுத்துப் பார்த்தால் பூட்டித்தான் இருக்கிறது. கேஸ் அடுப்பு, தண்ணீர் மோட்டார் எல்லாவற்றுக்கும் இதேதான். வயது 46. மறதி நோயின் ஆரம்பமா?
– வாசகி, கும்பகோணம்

நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஒவ்வொரு முறையும் நீங்கள் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். வேலை நடந்திருக்கிறது, நினைவில் பதியவில்லை, அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தடவை செய்த காரியத்தைக் கை தானாகவே செய்துவிடும். அந்த நேரம் மனம் பஸ்ஸைப் பற்றியோ மதியச் சமையலைப் பற்றியோ யோசித்துக்கொண்டிருக்கும். நேற்றுப் பூட்டியதும் இன்று பூட்டியதும் ஒரே அச்சில் இருப்பதால் இன்றையதைத் தனியாகப் பிரித்து எடுக்க மூளைக்குப் பிடி கிடைப்பதில்லை.

திரும்பத் திரும்பச் சரிபார்த்தால் சந்தேகம் தீரும் என்று நினைக்கிறோம். நடப்பது நேர்மாறு. நெதர்லாந்து ஆய்வாளர்கள் வான் டென் ஹவுட், கிண்ட் இருவரும் 2003-இல் வெளியிட்ட சோதனையில், கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பைக் காட்டி 20 முறை திருகிச் சரிபார்க்கச் சொன்னார்கள். கடைசி முறை எந்தத் திருகைத் தொட்டோம் என்பதை எல்லோரும் ஏறக்குறைய சரியாகவே சொன்னார்கள். ஆனால் அந்த நினைவு மங்கலாகிவிட்டது, அதன்மேல் இருந்த நம்பிக்கையும் போய்விட்டது. நீங்கள் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் நாளைய சந்தேகத்துக்கு உரம் போடுகிறீர்கள்.

ஜப்பான் ரயில் ஓட்டுநர்கள் சிக்னலை விரலால் சுட்டிக்காட்டி, அதன் நிலையை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவார்கள். அங்குள்ள ரயில்வே தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் 1994-இல் சோதித்தபோது, எளிய வேலைகளில் 100-க்கு 2.38 ஆக இருந்த தவறு இந்த முறையால் 0.38 ஆகக் குறைந்தது. அதையே வீட்டில் செய்யுங்கள். முதலில் சிலிண்டர் ரெகுலேட்டர், பிறகு மோட்டார் சுவிட்ச், பின்கதவு, கடைசியில் வாசல் கதவு. வரிசை ஒருநாளும் மாறக்கூடாது. ஒவ்வொன்றையும் விரலால் காட்டி, வாய்விட்டு, கிழமையோடு சொல்லுங்கள்: “செவ்வாய், ரெகுலேட்டர் மூடியாச்சு.” கிழமையைச் சேர்ப்பதால்தான் இன்றைய நினைவு நேற்றையதோடு கலக்காமல் நிற்கிறது. தெருமுனையில் சந்தேகம் வந்தால் திரும்பாதீர்கள். உங்கள் குரலை நினைத்துப் பாருங்கள், அது கேட்கும். கைபேசியில் பேசிக்கொண்டே பூட்டினால் மட்டும் இந்த முறை வேலை செய்யாது. பூட்டைப் படம் எடுத்துவைத்துக்கொள்ளச் சிலர் சொல்கிறார்கள். படத்தை நாலு தடவை திறந்து பார்ப்பதும் சரிபார்ப்புதான், அது வேண்டாம்.

சரிபார்ப்பதிலேயே நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது, வெளியே கிளம்பவே முடியவில்லை என்ற நிலை வந்தால் அது வேறு விஷயம். மனநல மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கூடத்திலிருந்து சமையலறைக்குப் போனதும் எதற்கு வந்தேன் என்பது மறந்துவிடுகிறது. திரும்பக் கூடத்துக்கு வந்தால் நினைவு வருகிறது. இது என்ன?
– வாசகர், காரைக்குடி

வாசற்படி செய்கிற வேலை. அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்து கேப்ரியல் ரட்வான்ஸ்கி குழு 2011-இல் காட்டியது இது: ஒரே அறைக்குள் நடந்தவர்களைவிட, அதே தூரத்தை ஒரு கதவைத் தாண்டி நடந்தவர்கள் கையில் இருந்த பொருளை அதிகம் மறந்தார்கள். இடம் மாறியதும் மூளை பழைய காட்சியை மடித்துவைத்துவிட்டுப் புதியதைத் திறக்கிறது. அதனால் கிளம்பும்போதே பொருளின் பெயரை முணுமுணுத்துக்கொண்டு போங்கள், ‘கத்திரிக்கோல், கத்திரிக்கோல்’ என்று. இல்லையென்றால் அதோடு சம்பந்தப்பட்ட ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஊருக்கு வெளியே 5 சென்ட் மனை பார்த்தோம். தரகர் சென்ட் 4 லட்சம் என்றார். மூன்று நாள் பேசி 3 லட்சத்து 40 ஆயிரத்துக்குக் கொண்டுவந்தோம். நல்ல பேரம் என்று சந்தோஷப்பட்டோம். அதே வரிசையில் சென்ட் 2 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒருவர் வாங்கியிருப்பது இப்போதுதான் தெரிகிறது. அட்வான்ஸ் இன்னும் கொடுக்கவில்லை. எங்கே தவறினோம்?
– வாசகர், மதுரை

அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஆனால் வித்தியாசம் மொத்தம் 4 லட்சம், அதனால் இதை விரிவாகவே பார்க்கலாம்.

நீங்கள் தவறியது பேரத்தில் அல்ல. தரகர் சொன்ன முதல் எண்ணிலேயே நீங்கள் கட்டுண்டுவிட்டீர்கள். அதன்பிறகு மூன்று நாளும் பேசியது அந்த 4 லட்சத்திலிருந்து எவ்வளவு இறங்குவது என்பதைத்தான். மனை என்ன பெறும் என்ற கேள்வியே வரவில்லை. உளவியலில் இதை நங்கூரம் என்பார்கள். கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம்தான் படகு நகரும்.

இந்த நங்கூரம் எவ்வளவு பலமானது என்பதற்கு உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கி, கானமன் இருவரும் 1974-இல் எழுதிய சோதனையே சான்று. எண்கள் எழுதிய சக்கரம் ஒன்றைச் சுற்றவிட்டார்கள். 10-இலோ 65-இலோ மட்டும் நிற்கும்படி அதை முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். பிறகு, ஐ.நா. சபை உறுப்பு நாடுகளில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை சதவீதம் என்று கேட்டார்கள். சக்கரம் 10-இல் நின்றதைப் பார்த்தவர்கள் சுமார் 25 என்றார்கள், 65-ஐப் பார்த்தவர்கள் 45 என்றார்கள். சக்கரத்துக்கும் ஆப்பிரிக்காவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பது இரு தரப்புக்குமே தெரியும்.

தொழில் தெரிந்தவர்களாவது தப்புவார்களா? அமெரிக்காவின் டூசான் நகரில் நார்த்கிராஃப்ட், நீல் இருவரும் வீட்டுத் தரகர்களை ஒரு நிஜ வீட்டுக்கே அழைத்துப்போய்ச் சுற்றிக்காட்டினார்கள். கையில் கொடுத்த விவரத் தாளில் ‘கேட்கும் விலை’யை மட்டும் ஆளுக்கு ஆள் மாற்றினார்கள். 1987-இல் வெளியான முடிவில், தரகர்களின் மதிப்பீடு அந்த விலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. கேட்கும் விலை எங்கள் கணிப்பைத் தொடவே இல்லை என்று அவர்களில் பெரும்பாலோர் மனதார நம்பினார்கள்.

இனிச் செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கோ தெருவுக்கோ உள்ள வழிகாட்டி மதிப்பைப் பாருங்கள். பக்கத்து மனைகளுக்கு வில்லங்கச் சான்று போட்டால், கடைசியாக நடந்த கிரயங்களின் தொகை தெரியும். பத்திரத்தில் எழுதும் தொகை கைமாறிய தொகையைவிடக் குறைவாக இருக்கக்கூடும். ஆகவே அதைத் தரைமட்டமாக வைத்துக்கொள்ளுங்கள், விலையாக அல்ல. அப்புறம் கடந்த ஒரு வருடத்தில் அங்கே வாங்கிய இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். கேட்கும் விதம் முக்கியம். “சென்ட் 4 லட்சம்னு சொல்றாங்க, சரியா இருக்குமா?” என்று கேட்டால் உங்கள் நங்கூரத்தை அவர் கழுத்திலும் கட்டிவிடுகிறீர்கள். “நீங்க என்ன விலைக்கு முடிச்சீங்க?” என்று மட்டும் கேளுங்கள்.

கிடைத்த எண்களை வைத்து உங்கள் விலையையும் அதற்கு மேல் போகக்கூடாத உச்சத்தையும் வீட்டிலேயே தாளில் எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். அதே தாளில், 4 லட்சம் ஏன் அதிகம் என்பதற்குக் காரணங்கள் எழுதுங்கள். சாலை 20 அடிதானா, பட்டா யார் பேரில், லேஅவுட்டுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் உண்டா, நிலத்தடித் தண்ணீர் எப்படி. இது வெறும் பேச்சுத் தயாரிப்பு அல்ல. ஜெர்மனியில் பழைய கார் விற்பவர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் நடத்தி 2000-இல் வெளியிட்ட ஆய்வில், சொன்ன விலை ஏன் பொருந்தாது என்று யோசிக்கவைத்தபோது நங்கூரத்தின் பிடி கணிசமாகத் தளர்ந்தது.

பேச்சு தொடங்கும்போது 4 லட்சத்தையோ 3.40-ஐயோ உங்கள் வாயால் சொல்லாதீர்கள். உங்கள் எண்ணைக் காரணத்தோடு சொல்லுங்கள். அவர் பழைய எண்ணுக்கே திரும்பினால் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் புதிதாகத் தொடங்கலாம்.

உளவியல் கட்டுரைகள் நிறையப் படிக்கிறேன். இந்த மாதிரி வலைகள் எல்லாம் தெரிந்தவன் அவற்றில் விழமாட்டான் அல்லவா?
– வாசகர், கோவை

விழுவார். இரண்டு முனையிலும் அம்புக்குறி போட்ட சம நீளக் கோடுகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் அம்பு உள்நோக்கி, மற்றதில் வெளிநோக்கி. ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டும் ஒரே நீளம் என்று உறுதிசெய்த பிறகும் ஒன்று நீளமாகத்தான் தெரியும். மூளையின் சார்புகளும், அதாவது நீங்கள் சொல்லும் இந்த வலைகளும், அப்படியே. மற்றவர்களிடம் அவற்றைக் கண்டுபிடிப்பதும் தம்மிடம் இல்லை என்று நம்புவதும் மனித இயல்பு. 2012-இல் வெஸ்ட், மெசர்வ், ஸ்டானோவிச் மூவரும் பார்த்ததில், அறிவுத்திறன் சோதனைகளில் நன்றாகச் செய்தவர்களிடமும் இந்தக் குருட்டுப்புள்ளி குறையவில்லை. அதனால்தான் இந்தப் பக்கத்தில் ‘கவனமாக இருங்கள்’ என்று நாங்கள் எழுதுவதில்லை. தாள், வரிசை, தேதி, எண் என்று கைக்கு அகப்படுவதையே சொல்கிறோம். கோடு விஷயத்தில் காப்பாற்றுவது ஸ்கேல்தான், கண் அல்ல.

மேஸ்திரி 6 மாதத்தில் வீட்டை முடித்துத் தருவதாகச் சொன்னார். 11 மாதம் ஆகிவிட்டது, இன்னும் பெயிண்ட் பாக்கி. ஏமாற்றிவிட்டாரா?
– வாசகி, தஞ்சாவூர்

பெரும்பாலும் அவரும் 6 மாதத்தை நம்பித்தான் சொல்லியிருப்பார். கனடாவில் பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 56 நாள். எல்லாமே தப்பாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டிருந்தார்கள், அதற்குச் சொன்ன 49 நாளையும் அது தாண்டிவிட்டது. ப்யூலரும் அவருடைய சகாக்களும் 1994-இல் வெளியிட்டது இது. சிட்னி ஆபரா ஹவுஸ் 1963-இல் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் ஆகும் என்றார்கள். திறந்தது 1973-இல், செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

திட்டம் போடும்போது மூளை வேலையைக் கதைபோல ஓட்டிப் பார்க்கிறது: அஸ்திவாரம், சுவர், தளம், பூச்சு. அந்தக் கதையில் மழை வராது, மணல் லாரி நிற்காது, கொத்தனார் வீட்டில் கல்யாணம் நடக்காது. கணக்காகவே பாருங்கள். பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், பெயிண்டர் நால்வரும் ஒருவர் பின் ஒருவராக வர வேண்டும். ஒவ்வொருவரும் சொன்ன நாளில் வர 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டாலும் நால்வரும் சரியாக வர வாய்ப்பு 41 சதவீதம்தான்.

அடுத்து வீடு கட்டப்போகிறவர்களுக்குச் சொல்லுங்கள். மேஸ்திரியின் வாக்கிலிருந்து தொடங்காமல், அவரே கடைசியாகக் கட்டிய 5 வீடுகளின் முகவரியை வாங்கிக்கொண்டு நேரில் போய்ப் பூமி பூஜை தேதியையும் குடிபோன தேதியையும் குறித்துவர வேண்டும். அந்த ஐந்தில் நடுவில் நிற்கும் எண்தான் உங்கள் கெடு. “எங்க வீடு சின்னது, சீக்கிரம் முடியும்” என்று உள்ளே ஒரு குரல் சொல்லும். அந்த ஐந்து வீட்டாரும் அதையே சொல்லியிருப்பார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம், அந்த நாட்களைத் தனியாகக் கூட்டுங்கள். தளம் போட்டால் சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. (PPC) சிமென்டுக்கு 10 நாள் தண்ணீர் கட்டியாக வேண்டும். கெடு நெருங்கும்போது முதலில் வெட்டப்படுவது இந்த நாட்கள்தான். விரிசல் அங்கிருந்தே தொடங்குகிறது. பணத்தையும் மாதத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டாம். பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிந்த கட்டத்தைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

பழைய ஸ்கூட்டருக்கு இந்த வருடம் மட்டும் 18,500 ரூபாய் செலவு செய்திருக்கிறேன். இப்போது இன்ஜின் வேலைக்கு 14,000 கேட்கிறார்கள். இவ்வளவு போட்ட பிறகு விற்க மனம் வரவில்லை.
– வாசகர், சேலம்

விட்டதைப் பிடிக்கப் போய்க் கையில் இருப்பதையும் விடுவது இப்படித்தான். போன பணம் ரிப்பேர் செய்தாலும் திரும்பாது, விற்றாலும் திரும்பாது. இரண்டு பக்கமும் சமமாக இருப்பது தராசில் ஏற வேண்டியதே இல்லை. ஆனாலும் ஏறுகிறது. அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு பருவத்துக்கான நாடகச் சீட்டைச் சிலருக்கு முழு விலையிலும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றுப் பார்த்தார்கள். அர்க்ஸ், ப்ளூமர் 1985-இல் எழுதியபடி, பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். இன்று முதல் அடுத்த 12 மாதம் மட்டும் கணக்கு. இடப்பக்கம் ரிப்பேர்: 14,000 + வருடத்துக்கான மற்றச் செலவு, உதாரணமாக 6,000; ஒரு வருடம் கழித்து விற்றால் 10,000 கிடைக்கும் என்றால் நிகரச் செலவு 10,000. வலப்பக்கம் மாற்றுவது: இன்றைய நிலையில் விற்றால் 7,000, நல்ல பழைய வண்டி 45,000, பராமரிப்பு 4,000, வருடக் கடைசியில் அதன் மதிப்பு 36,000. நிகரச் செலவு 6,000. இந்த எண்களுக்கு மாற்றுவதே மேல். உங்கள் வண்டி ரிப்பேருக்குப் பிறகு 18,000-க்குப் போகும் என்றால் இடப்பக்கம் 2,000 ஆகிவிடும், ரிப்பேரே சரி. எப்படியானாலும் 18,500 எந்தப் பக்கத்திலும் இல்லை என்பதைப் பாருங்கள். விற்கும் விலையை மட்டும் நீங்களே போடாதீர்கள். நம் கையில் இருக்கும் பொருளுக்கு நாம் எப்போதும் கூடவே மதிப்பு போடுவோம். வண்டி வாங்கி விற்கும் இரண்டு பேரிடம் கேளுங்கள்.

பிளஸ் டூ படிக்கும் மகன் மணிக்கணக்காகப் படிக்கிறான். கேட்டால் “எல்லாம் தெரியும்மா” என்கிறான். பரீட்சையில் எழுத வரவில்லை. படிப்பதில் என்ன கோளாறு?
– வாசகி, விருதுநகர்

பொய் சொல்லவில்லை, பாவம். மூன்றாம் முறை படிக்கும்போது வரிகள் வழுக்கிக்கொண்டு ஓடுகின்றன. அந்த வழுக்கலை மூளை ‘தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. பரீட்சை கேட்பது இரண்டாவதை.

ரோடிகர், கார்பிக் 2006-இல் செய்த சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. ஒரு குழு பத்தியை மறுபடி படித்தது. இன்னொரு குழு மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதியது. 5 நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்களே முன்னணி: அவர்கள் 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்த்தவர்கள் 56, மறுபடி படித்தவர்கள் 42. உடனடியாகக் கிடைக்கும் அந்த வெற்றிதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது.

பாடத்தை ஒருமுறை ஊன்றிப் படிக்கட்டும். புத்தகத்தை மூடி, வெள்ளைத் தாளில் 10 நிமிடம் நினைவில் உள்ளதை எல்லாம் எழுதட்டும். வரவில்லை என்றால் உடனே புரட்டக்கூடாது, குறைந்தது ஒரு நிமிடம் முட்டிமோத வேண்டும். அந்த முட்டல்தான் பதிய வைக்கிறது. பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள், 3 நாள் கழித்து, 7 நாள் கழித்து என்று படிக்காமலேயே முதலில் எழுதிப் பார்த்து, அப்புறம் சிவப்பில் திருத்த வேண்டும். கணக்குக்கு விடையை மூடிவைத்துப் போட வேண்டும், ஒரே பாடக் கணக்காக இல்லாமல் மூன்று பாடங்களைக் கலந்து. முதல் வாரம் அவனுக்குச் சோர்வாக இருக்கும், ‘முன்னாடி நல்லா வந்துச்சு’ என்பான். அந்த வாரம் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். “படிச்சிட்டியா?” என்று கேட்பதை நிறுத்திவிட்டு, “மூடி வச்சிட்டுச் சொல்லு, கேக்குறேன்” என்று பக்கத்தில் உட்காருங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முட்டையும் வாழைப்பழமும் சேர்த்துச் சாப்பிட்டால் உயிர் போகும் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா போட்டார். தவறு என்று விளக்கினேன், ஒப்புக்கொண்டார். இருபது நாளில் அவரே மறுபடி அனுப்புகிறார்!
– வாசகி, திருநெல்வேலி

காதில் அடிக்கடி விழுந்தது உண்மைபோலத் தோன்றும். 1977-இலேயே நிறுவப்பட்ட விஷயம் இது. தெரிந்தவர்களையும் விடுவதில்லை. 2015-இல் லிசா ஃபேசியோ குழு அமெரிக்காவில் கொடுத்த பொய் வாக்கியங்களில் ஒன்று, ‘புடவை என்பது ஸ்காட்லாந்துக்காரர்கள் உடுத்தும் மடிப்பு வைத்த குட்டைப் பாவாடை’. சரியான விடை தெரிந்தவர்களுக்கும்கூட, இதுபோன்ற பொய்கள் இரண்டாம் முறை கண்ணில் பட்டபோது கொஞ்சம் கூடுதலாக உண்மைபோலத் தெரிந்தன.

நீங்கள் விளக்கியபோது அந்தப் பொய்யை எத்தனை முறை சொன்னீர்கள்? அதுவும் கணக்கில் சேர்ந்திருக்கும். மறுப்பு மறந்துபோகும், முட்டையும் பழமும் உள்ள படம் நிற்கும். அதனால் பொய்ப் படத்தின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு அனுப்பாதீர்கள். உண்மையை முதலில் சொல்லுங்கள், பொய்யை ஒரே முறை தொடுங்கள், உண்மையிலேயே முடியுங்கள். குழுவில் வேண்டாம், தனியாக: “பெரியப்பா, பனானா கேக்ல முட்டையும் வாழைப்பழமும் சேர்ந்துதான் இருக்கு, உலகம் பூரா சாப்பிடுறாங்க. அந்த மெசேஜ் தப்பு. ரெண்டையும் தாராளமா சேர்த்துச் சாப்பிடலாம்.” கண்முன் நிற்கும் கேக்தான் பொய்யின் இடத்தில் போய் உட்காரும். வெறும் ‘இல்லை’ அந்த இடத்தை நிரப்பாது.

கரும்பு வெட்டுக்கு முந்தைய மாதங்களில் கையில் காசே இருக்காது. அந்த நேரத்தில் எடுத்த முடிவுகளைப் பிறகு யோசித்தால் ‘ஏன் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டோம்’ என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் புத்தி அவ்வளவு மட்டமா?
– விவசாயி, விழுப்புரம் மாவட்டம்

வெட்கப்பட ஒரு காரணமும் இல்லை ஐயா. உங்கள் மாவட்டத்திலேயே இதற்கு விடை கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டர் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் அறுவடைக்கு முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் சந்தித்தார்கள். 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. இரண்டு முறையும் படங்களில் விடுபட்ட துண்டைக் கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். அதே ஆள், அதே படிப்பு, அதே மூளை. அறுவடைக்குப் பின் சராசரியாக 10-க்கு 5.45 சரி, அறுவடைக்கு முன் 4.35.

பருவம் காரணமாக இருக்குமோ என்றால், ஆலைகள் வெட்டு உத்தரவை மாதக்கணக்கில் தள்ளித் தள்ளித்தான் தருகின்றன. ஒரே மாதத்தில் ஒருவர் பணத்தோடும் பக்கத்துக் காட்டுக்காரர் கடனோடும் இருந்தார்கள், அப்போதும் வித்தியாசம் தெரிந்தது. வட்டிக் கெடு, பள்ளிக் கட்டணம், கடைப் பாக்கி எல்லாம் மூளையின் ஒரு பகுதியை ஓயாமல் பிடித்து வைத்திருக்கின்றன. மிச்சத்தில்தான் நீங்கள் தாளைப் படிக்கிறீர்கள். காய்ந்த மாதத்தில் நமக்கு அறிவு குறைவதில்லை, அறிவுக்கு இடம் குறைகிறது.

ஆகவே கடன் பற்றிய முடிவுகளைக் கரும்புப் பணம் வந்த மாதத்துக்கு நகர்த்துங்கள். வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ பயிர்க்கடன் புதுப்பிப்பது, நகையை மீட்பது, அடுத்த வருடத்தின் நெருக்கடி மாதங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதுவது எல்லாம் அப்போதே. எழுதிய தாளை வீட்டம்மாவிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நெருக்கடியில் வாங்கியே தீர வேண்டும் என்றால், தாளைக் கேட்ட நாளில் கையெழுத்துப் போடாதீர்கள், ஒரு இரவு கழியட்டும். மூன்று கேள்விக்கு விடையை எழுதிக்கொள்ளுங்கள்: கையில் வரும் தொகை எவ்வளவு, மொத்தம் கட்டப்போவது எவ்வளவு, எத்தனை நாளில். நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 10,000 கடன் என்று சொல்லி 1,500-ஐப் பிடித்துக்கொண்டு 8,500 தந்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குகிறார்கள் என்றால், கேட்க எளிதாக இருக்கும். ஆண்டுக் கணக்கில் அந்த வட்டி 100 சதவீதத்தையும் தாண்டும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்கிறது. மிரட்டினால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

கல்யாண வீட்டில் சட்டையில் சாம்பார் கொட்டிவிட்டது. எல்லோரும் என்னையே பார்த்ததுபோல் இருந்தது.
– வாசகர், ஈரோடு

பார்க்கவில்லை. பேரி மானிலோ என்ற பாடகரின் படம் போட்ட, அணியவே கூச்சப்படும் டி-ஷர்ட்டை மாணவர்களுக்கு மாட்டி ஓர் அறைக்குள் அனுப்பினார் உளவியலாளர் கிலோவிச் (2000). பாதிப் பேர் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தது சுமார் கால்வாசி. அறையில் இருந்த ஒவ்வொருவருக்கும் அவரவர் சட்டைதான் கவலை.

நாம் மூளையில் 10 சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோமாமே?
– மாணவர், வேலூர்

இல்லை. முழுவதும் வேலை செய்கிறது, தூங்கும்போதும். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, ஓய்வில் இருக்கும் உடலின் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. சும்மா கிடக்கும் உறுப்புக்கு உடல் இவ்வளவு செலவு செய்யாது.

சுவர்க் கடிகாரத்தைச் சட்டென்று பார்த்தால் நொடிமுள் ஒரு கணம் நின்றுவிட்டுப் பிறகு ஓடுவதுபோல் தெரிகிறது. கடிகாரத்தில் பழுதா, கண்ணில் பழுதா?
– வாசகி, நாகப்பட்டினம்

இரண்டிலும் இல்லை. கண் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் அந்தச் சிறு இடைவெளியில் மூளை பார்வையை அடக்கிவைக்கிறது, இல்லையென்றால் உலகமே இழுபட்டுத் தெரியும். தாவி முடித்ததும், கண்ட முதல் காட்சியைப் பின்னோக்கி இழுத்து அந்த இடைவெளியையும் அதாலேயே நிரப்பிவிடுகிறது. அதனால் முதல் நொடி நீண்டு தெரிகிறது. லண்டனில் கீலன் யாரோ (Yarrow) என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் இதை அளந்து 2001-இல் வெளியிட்டார்கள். வீட்டில் செய்து பார்க்க, டிக் டிக் என்று விட்டுவிட்டு நகரும் நொடிமுள் வேண்டும், வழுக்கிக்கொண்டே ஓடும் முள்ளில் தெரியாது. கடிகாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சட்டென்று முள்ளுக்குத் தாவுங்கள். ஐந்தாறு தடவையில் ஒன்றிரண்டு முறை நிச்சயம் மாட்டும்.